ப்ராக்ஸ்மாக்ஸ் கன்டெய்னருக்குள் யூனிஃபை கன்ட்ரோலர்: ஏணி ஏறாமல் தப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜுக்கு 14 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) மாட்டிக் கொடுத்தேன். எல்லாம் யூபிக்விட்டி நிறுவனத்தின் யூனிஃபை வகை. அவற்றை மேய்க்கிற கன்ட்ரோலர் மென்பொருளை எங்கே வைப்பது என்று பெரிதாக யோசிக்கவில்லை. ரிசப்ஷன் மேசையில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் லாட்ஜ் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, வைஃபை நல்லாத்தான் ஓடுது. பாஸ்வேர்டு மட்டும் மாத்தணும். கம்ப்யூட்டர்ல அந்தப் படத்தையே காணோமே?"

போய்ப் பார்த்தால், பில்லிங் வேலைக்கு வந்தவர் 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு' என்று சொல்லி முந்தின வாரம் ஃபார்மட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பேக்கப்? இருந்தது, அதே ஹார்டு டிஸ்கில்.

யூனிஃபையின் குணம் ஒன்று உண்டு. கன்ட்ரோலர் செத்தாலும் ஆக்சஸ் பாயின்ட்கள் கடைசியாக வாங்கிய அமைப்போடு ஓடிக்கொண்டே இருக்கும். கெஸ்ட் போர்ட்டல் (விருந்தினர் வைஃபைக்குள் நுழையும் பக்கம்) வைத்திருந்தால் அது மட்டும் படுத்துவிடும். ஆனால் புதிதாக ஒரு கன்ட்ரோலர் வந்து 'நான்தான் இனி உனக்கு முதலாளி' என்றால் கேட்காது. ஆக்சஸ் பாயின்டுக்குள் கட்டளை வழியாக நுழைகிற எஸ்எஸ்எச் பாஸ்வேர்டும் பழைய கன்ட்ரோலரோடு போய்விட்டது. வேறு வழியில்லை. ஏணியைப் போட்டு, ஊக்கை நிமிர்த்தி, ஒவ்வொன்றின் ரீசெட் ஓட்டையிலும் விட்டு 10 விநாடி அழுத்திப் பிடித்தேன். மூன்றாவது மாடி வராந்தாவில் நான் ஏணியில் நிற்க, கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு குடும்பம் கீழே வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. மாலை ஆகிவிட்டது முடிய.

இப்போது அதே லாட்ஜில் முதல் மாடியில், போர்வையும் தலையணை உறையும் அடுக்குகிற அறையில், ஒரு பழைய பிசி இருக்கிறது. அதில் ப்ராக்ஸ்மாக்ஸ், ஒரே பிசியில் பல தனித்தனி சர்வர்களை ஓடவைக்கும் மென்பொருள். அதற்குள் யூனிஃபைக்கென்றே ஒரு குட்டி எல்எக்ஸ்சி கன்டெய்னர். அதை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. ப்ராக்ஸ்மாக்ஸ் ஏற்கெனவே நிறுவியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

இன்னொன்று. 2025இல் யூபிக்விட்டி நிறுவனம் யூனிஃபை ஓஎஸ் சர்வர் என்று ஒரு புதிய வடிவம் கொண்டுவந்தது. அது பாட்மேன் என்ற கன்டெய்னர் மென்பொருளை நம்பி ஓடுவது, கதை வேறு. இங்கே சொல்வது டெபியன் லினக்ஸுக்கான பொதியாக வரும் பழைய யூனிஃபை நெட்வொர்க் சர்வரைப் பற்றி.

## கன்டெய்னர் எதற்கு, விஎம் போதாதா?

விஎம் (விர்ச்சுவல் மெஷின்) என்பது தனி வீடு. தனக்கென்று ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), தனக்கென்று ஒதுக்கிய ராம், பூட் ஆகத் தனி நேரம். எல்எக்ஸ்சி கன்டெய்னர் ஒரே வளவுக்குள் இருக்கிற தனித்தனி வீடு மாதிரி: கெர்னல் பொது, மற்றதெல்லாம் தனி. 8 ஜிபி ராம் உள்ள பழைய பிசியில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. யூனிஃபை தன் தகவலையெல்லாம் மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. மாங்கோடிபி 5.0 முதல் ஏவிஎக்ஸ் என்ற வசதி பிராசசரில் இருந்தே ஆக வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம் உருவாக்கும்போது சிபியு வகையை அப்படியே விட்டுவிட்டால், உண்மையான பிராசசரில் ஏவிஎக்ஸ் இருந்தாலும் விஎம்முக்கு அது தெரியாது. சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்ற வேண்டும். கன்டெய்னரில் இந்த மறைப்பே இல்லை. உள்ளதை உள்ளபடி பார்க்கும்.

டாக்கர் என்ற இன்னொரு கன்டெய்னர் முறை பழகியவர்கள் 'அதிலேயே போடலாமே' என்பார்கள். போடலாம். ஆனால் டாக்கரின் வழக்கமான நெட்வொர்க்கில் கன்ட்ரோலருக்குக் கிடைப்பது 172.17 என்று தொடங்கும் உள்முகவரி. அதையே அது ஆக்சஸ் பாயின்டுக்கும் சொல்லிக் கொடுக்கும். ஆக்சஸ் பாயின்ட் அந்த முகவரியைத் தேடி எங்கும் போய்ச் சேராது. எல்எக்ஸ்சி கன்டெய்னர் பிரிட்ஜ் (மென்பொருள் ஸ்விட்ச்) வழியாக நேரே உங்கள் லேனில் (உள் நெட்வொர்க்) உட்காருகிறது, ஸ்விட்சில் செருகிய இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி.

## முதலில் பிராசசரைப் பாருங்கள்

இதைச் செய்யாமல் இறங்கினால் பாதி வேலை முடிந்த பிறகுதான் சிக்கல் தெரியும். ப்ராக்ஸ்மாக்ஸ் வலைப்பக்கத்தில் (சர்வரின் ஐபியோடு 8006 போர்ட்) இடப்பக்கம் உங்கள் நோடைத் (அதாவது அந்தப் பிசியைத்) தேர்ந்தெடுத்து 'ஷெல்' திறங்கள். 'எல்எஸ்சிபியு' என்று தட்டுங்கள். 'ஃப்ளாக்ஸ்' என்ற நீளமான பத்தியில் 'ஏவிஎக்ஸ்' இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்டெல் கோர் ஐ3, ஐ5 வகையில் 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை முதல் இது உண்டு. அதே காலத்து பென்டியம், செலரானில் கிடையாது. சின்னப் பெட்டி பிசிகளில் வரும் ஜே1900, ஜே4125, என்5105 எதிலும் கிடையாது, என்100இல் உண்டு. ஆஃபீஸ்களில் கழித்துக் கட்டிய ஐ3 பெட்டி ஒன்று கிடைத்தால் அதுவே இந்த வேலைக்குத் தாராளம். புது மினி பிசி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

ஏவிஎக்ஸ் இல்லாத பெட்டியில் புதிய மாங்கோடிபியைப் போட்டால் என்ன ஆகும்? நிறுவல் சிரித்த முகத்தோடு முடியும். சேவை ஓடுகிற மாதிரியும் தெரியும். வலைப்பக்கம் மட்டும் வரவே வராது. பதிவேட்டைத் (லாக்) தோண்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரு வரி கிடக்கும். அப்படிப்பட்ட பெட்டிதான் கையில் இருக்கிறது என்றால், உபுண்டு 20.04 டெம்ப்ளேட்டில் (கன்டெய்னருக்கான தயார் இயங்குதளம்) மாங்கோடிபி 4.4 போடுங்கள், ஏவிஎக்ஸ் கேட்காத கடைசிப் பெரிய பதிப்பு அதுதான். தற்காலிக ஏற்பாடு என்று தெரிந்தே செய்யுங்கள், ஏனென்றால் உபுண்டு 20.04க்கு வழக்கமான ஆதரவு 2025இல் முடிந்துவிட்டது.

## முகவரியை முடிவு செய்யுங்கள்

கன்ட்ரோலரின் ஐபி மாறக் கூடாது. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் அந்த முகவரியை மனப்பாடம் செய்துகொண்டு, விடாமல் அங்கே போய்த் தகவல் சொல்லிக்கொண்டே இருக்கும். ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபியில் விட்டு, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு முகவரி மாறிவிட்டால் அத்தனையும் 'டிஸ்கனெக்டட்'.

ரவுட்டருக்குள் போய் டிஹெச்சிபி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வழங்குகிறது என்று பாருங்கள். லாட்ஜில் அது 192.168.1.100 முதல் 200 வரை. அதற்கு வெளியே 192.168.1.10ஐ எடுத்துக்கொண்டேன். யாரும் அதை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கவில்லையா என்று 'பிங்' அடித்துப் பார்த்துவிடுங்கள். லாட்ஜில் கேமரா மாட்டியவர் டிவிஆருக்கு இஷ்டத்துக்கு ஒரு எண் கொடுத்திருந்தார், கண்டுபிடிக்க அரை மணி நேரம் போனது.

## கன்டெய்னரை உருவாக்குதல்

டெம்ப்ளேட் முதலில். இடப்பக்கம் 'லோக்கல்' என்ற சேமிப்பகத்தைச் சொடுக்கி, 'சிடி டெம்ப்ளேட்ஸ்' பகுதியில் 'டெம்ப்ளேட்ஸ்' பொத்தானை அழுத்தினால் பட்டியல் வரும். 'டெபியன் 12 ஸ்டாண்டர்டு' என்பதை இறக்கிக்கொள்ளுங்கள். 13 வந்துவிட்டதே என்று கேட்கலாம். யூனிஃபை 7.5 பதிப்பில் ஜாவா 17 கேட்க ஆரம்பித்தது; டெபியன் 12இல் அது கையோடு இருக்கிறது, 13இன் மென்பொருள் களஞ்சியத்தில் இல்லை, 21க்குப் போய்விட்டார்கள். நீங்கள் நிறுவப்போகும் பதிப்பு எந்த ஜாவாவைக் கேட்கிறது என்று அதன் வெளியீட்டுக் குறிப்பில் ஒரு முறை பார்த்துவிட்டு டெபியனை முடிவு செய்யுங்கள்.

அப்புறம் வலது மேல் மூலையில் 'கிரியேட் சிடி'. ஒவ்வொரு தாவலாக:

முதல் தாவலில் எண்ணும் பெயரும். எண் 110 என்று வைத்தேன். ஹோஸ்ட்நேம் வெறும் 'யூனிஃபை'. காரணம் இருக்கிறது: தொழிற்சாலையிலிருந்து வரும் ஆக்சஸ் பாயின்ட் 'யூனிஃபை' என்ற பெயருள்ள இயந்திரத்தைத் தானாகத் தேடும். உங்கள் ரவுட்டரில் உள்ளூர் டிஎன்எஸ் பதிவு (பெயருக்கு ஐபி சொல்லும் பதிவு) போட முடியுமானால், அந்தப் பெயருக்கு இந்த ஐபியைக் கொடுத்துவிடுங்கள். ரூட் (முழு அதிகாரக் கணக்கு) பாஸ்வேர்டைக் கொடுத்து எழுதி வையுங்கள். 'அன்பிரிவிலேஜ்டு', 'நெஸ்டிங்' இரண்டிலும் டிக் இருக்கட்டும். அன்பிரிவிலேஜ்டு என்றால் கன்டெய்னருக்குள் ரூட்டாக இருப்பவர் வெளியே ரூட் அல்ல. யாராவது உள்ளே புகுந்தாலும் சேதம் அங்கேயே நிற்கும். நெஸ்டிங்கை எடுத்துவிட்டால் டெபியன் 12இல் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி முரண்டு பிடித்து, லாகின் ஆகவே நேரமெடுக்கும்.

டெம்ப்ளேட் தாவலில் இறக்கியதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் 20 ஜிபி. சிபியு 2 கோர். மெமரி 2048, ஸ்வாப் 512. ராமில் கஞ்சத்தனம் வேண்டாம்: ஜாவா பக்கம் மட்டுமே 1024 எம்பி வரை எடுத்துக்கொள்ளும் என்பது யூனிஃபையின் இயல்பான அமைப்பு, அதன் மேல் மாங்கோடிபிக்கும் இடம் வேண்டும். 1 ஜிபி கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் காலையில் கெர்னல் மாங்கோடிபியைக் கொன்றிருக்கும்.

நெட்வொர்க் தாவலில் பிரிட்ஜ் 'விஎம்பிஆர்0'. ஐபிவி4ஐ 'ஸ்டாட்டிக்' ஆக்கி 192.168.1.10/24 என்று கொடுங்கள். கடைசி /24ஐ மறந்தால் ஏற்றுக்கொள்ளாது. கேட்வேயில் ரவுட்டரின் ஐபி. டிஎன்எஸ் தாவலை அப்படியே விடலாம். 'ஃபினிஷ்'.

உருவானதும் உடனே ஓடவிடாமல் 'ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'ஸ்டார்ட் அட் பூட்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். மின்சாரம் போய் வந்தால் யாரும் வந்து பொத்தான் அமுக்காமலே கன்ட்ரோலர் எழும்ப வேண்டும். அதோடு பிசியின் பயாஸில் 'மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகு' என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் சும்மா.

## உள்ளே போய் நிறுவுதல்

கன்டெய்னரை ஸ்டார்ட் செய்துவிட்டு, நோடின் ஷெல்லில் 'பிசிடி என்டர் 110' என்று தட்டினால் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போய்விடலாம். காப்பி பேஸ்டும் அங்கே ஒழுங்காக வேலை செய்யும்.

முதலில் 'ஆப்ட் அப்டேட்' (ஆப்ட் என்பது டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவி), பிறகு 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்'. முடிந்ததும் 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் டிஇசட்டேட்டா' கொடுத்து ஏசியா, கொல்கத்தா என்று நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் செய்யாவிட்டால் பதிவேடெல்லாம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். 'ராத்திரி பத்து மணிக்கு நெட் கட் ஆச்சு' என்று அண்ணாச்சி சொல்வதைத் தேடும்போது மாலை நாலரையில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்து 'கர்ல்', 'ஜிஎன்யூபிஜி', 'சிஏ-சர்டிஃபிகேட்ஸ்', 'ஓப்பன்ஜேடிகே-17-ஜேஆர்ஈ-ஹெட்லெஸ்' ஆகிய நான்கையும் நிறுவுங்கள். ஹெட்லெஸ் என்றால் திரை தொடர்பான மூட்டை முடிச்சு இல்லாத ஜாவா. சர்வருக்கு அதுவே போதும்.

இப்போது மாங்கோடிபி. டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் தேடாதீர்கள். 2018இல் மாங்கோடிபி தன் உரிமத்தை மாற்றிக்கொண்டது. அந்தப் புதிய உரிமம் டெபியனின் கொள்கைக்கு ஒத்துவராததால் கழற்றிவிட்டார்கள். ஆகவே மாங்கோடிபியின் சொந்தத் தளத்தில் 7.0 பதிப்புக்கான டெபியன் நிறுவல் பக்கத்தைத் திறங்கள். அங்கே 'புக்வார்ம்' என்று போட்ட வரிகளை எடுங்கள். டெபியன் 12இன் செல்லப்பெயர் அது. முதல் கட்டளை பொதி அசலா என்று சரிபார்க்கும் சாவியை இறக்கி வைக்கும், இரண்டாவது களஞ்சிய முகவரியை ஆப்ட் பட்டியலில் சேர்க்கும். பழைய வழிகாட்டிகளில் 'ஆப்ட்-கீ' என்று ஆரம்பிக்கிற கட்டளையைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள், அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள்.

'ஆப்ட் அப்டேட்' மறுபடி. பின்பு 'மாங்கோடிபி-ஆர்க்-சர்வர்' என்ற ஒன்றை மட்டும் நிறுவுங்கள். முழு மூட்டையும் வேண்டாம். அதன் சேவையைத் தனியாக ஓடவிடவும் வேண்டாம். யூனிஃபை தனக்கென்று ஒரு மாங்கோடிபியை 27117 போர்ட்டில் தானே எழுப்பிக்கொள்ளும். இதைப் புரியாமல் 'மாங்கோடிபி சேவை செத்துக் கிடக்கிறது' என்று நான் ஒரு மணி நேரம் அதை உயிர்ப்பிக்கப் போராடியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் யூனிஃபை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து யூனிஃபை. யூபிக்விட்டியின் உதவிப் பக்கத்தில் டெபியன், உபுண்டுவுக்கான ஆப்ட் வழிமுறை இருக்கிறது. அதே மாதிரி ஒரு சாவி, ஒரு களஞ்சிய வரி, ஒரு அப்டேட், 'ஆப்ட் இன்ஸ்டால் யூனிஃபை'. மாங்கோடிபியோ ஜாவாவோ பொருந்தாத பதிப்பாக இருந்தால் இந்த இடத்தில்தான் 'அன்மெட் டிபென்டன்சீஸ்' என்று நிற்கும். வலுக்கட்டாயமாக நிறுவும் கட்டளைகளைத் தேடிப் போகாதீர்கள். எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும், நிதானமாகப் படியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வரியில் செய்து முடிக்கிற ஸ்கிரிப்ட்களும் இணையத்தில் உண்டு. நல்லவைதான். ஆனால் முதல் தடவை கையால் செய்து பாருங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கோளாறு வரும்போது எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் யூனிஃபை' என்று தட்டினால் பச்சையில் 'ஆக்டிவ்' வர வேண்டும். வந்ததும் உலாவிக்கு ஓடாதீர்கள். பழைய பெட்டியில் முழுசாக எழும்ப இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

## முதல் நுழைவு

192.168.1.10 முகவரியில் 8443 போர்ட், எச்டிடிபிஎஸ் வழியாக. சான்றிதழ் கன்ட்ரோலர் தானே செய்துகொண்டது என்பதால் உலாவி 'பாதுகாப்பில்லை' என்று பயமுறுத்தும். உங்கள் லேனுக்குள்தான் இருக்கிறீர்கள், தாண்டிப் போங்கள்.

நாடு கேட்கும் இடத்தில் இந்தியா என்றே கொடுங்கள். எந்தச் சேனல், எவ்வளவு சக்தி என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அமெரிக்கா என்று போட்டால் சிக்னல் கூடும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கணக்குக் கேட்கும்போது யூபிக்விட்டியின் இணையக் கணக்கைக் கொடுக்கலாம், அல்லது மேம்பட்ட அமைப்புக்குப் போய் உள்ளூர்க் கணக்கு மட்டும் வைக்கலாம். நான் உள்ளூர்க் கணக்குதான். ஃபைபர் அறுந்து கிடக்கும் நாளில் கன்ட்ரோலருக்குள் போவதற்கு இணையம் தேவைப்படக் கூடாது.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை: அமைப்புகளில் சிஸ்டம், மேம்பட்ட பகுதியில் சாதனங்களுக்கான எஸ்எஸ்எச் பயனர்பெயர், பாஸ்வேர்டு இருக்கும். அதை எழுதி வையுங்கள். ஏணியையும் ஊக்கையும் தவிர்க்கப் போவது இந்த இரண்டு சொற்கள்தான். நான் அண்ணாச்சியின் வரவு செலவு நோட்டின் பின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அந்த நோட்டு எந்தக் காலத்திலும் தொலையாது.

## ஆக்சஸ் பாயின்ட்களை அடாப்ட் செய்தல்

அடாப்ட் என்றால் ஆக்சஸ் பாயின்டைக் கன்ட்ரோலரின் பொறுப்பில் சேர்ப்பது. கன்ட்ரோலரும் ஆக்சஸ் பாயின்டும் ஒரே லேனில் இருந்தால், யூடிபி 10001 வழியாக ஒன்றையொன்று கண்டுகொள்ளும். 'டிவைசஸ்' பக்கத்தில் 'பெண்டிங் அடாப்ஷன்' என்று வரும். 'அடாப்ட்' அழுத்துங்கள். அது 'அடாப்டிங்', 'புரொவிஷனிங்' என்று நகர்ந்து 'ஆன்லைன்' ஆகிவிடும். பெரும்பாலும் அவ்வளவுதான்.

வராவிட்டால்? அந்த ஆக்சஸ் பாயின்டுக்குள் எஸ்எஸ்எச்சில் போங்கள். புதுசாகவோ ரீசெட் ஆனதாகவோ இருந்தால் பயனர்பெயர், பாஸ்வேர்டு இரண்டுமே 'யூபிஎன்டி'. உள்ளே 'செட்-இன்ஃபார்ம்' கட்டளையும், அதை அடுத்து எச்டிடிபி://192.168.1.10:8080/இன்ஃபார்ம் என்ற முகவரியும். கவனியுங்கள்: 8080, வெறும் எச்டிடிபி. வலைப்பக்கம் 8443இல் எச்டிடிபிஎஸ்ஸாக வருவதால் கை பழக்கத்தில் இங்கேயும் அதையே தட்டிவிடுவோம், அது வேலை செய்யாது. சில நேரம் கன்ட்ரோலரில் 'அடாப்ட்' அழுத்திய பிறகு அதே கட்டளையை இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும்.

இடையில் ஃபயர்வால் இருந்தால் திறக்க வேண்டியவை டிசிபி 8080, யூடிபி 3478, யூடிபி 10001. நிர்வாகப் பக்கத்துக்கு 8443. கெஸ்ட் போர்ட்டல் உண்டென்றால் 8880, 8843. 27117ஐ எக்காரணம் கொண்டும் வெளியே காட்டாதீர்கள், அது கன்டெய்னருக்கு உள்ளேயே இருக்க வேண்டியது.

அண்ணாச்சிக்குக் குற்றாலத்திலும் ஒரு கட்டடம் உண்டு, சீசனுக்கு மட்டும் திறப்பார். அங்கே உள்ள மூன்று ஆக்சஸ் பாயின்டையும் இதே கன்ட்ரோலரில் தனி 'சைட்' ஆகச் சேர்த்திருக்கிறேன். இரண்டு ரவுட்டருக்கும் இடையே வயர்கார்டு விபிஎன் (இணையம் வழியான தனிப் பாதை), அப்புறம் மேலே சொன்ன செட்-இன்ஃபார்ம். 8443ஐ ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்து உலகத்துக்கே திறந்து வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் அங்கே ஆளை அனுப்பி ஸ்விட்சை ஆன் செய்யச் சொன்னால் போதும், மீதியை ஜங்ஷனில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்ட்ரோலரில் 'எக்ஸ்பீரியன்ஸ்' மதிப்பெண் குறைவாகக் காட்டினால் மென்பொருளைக் குடையாதீர்கள். டவுன் ரத வீதிப் பக்கம் பழைய கட்டடங்களில் காரைச் சுவர் இரண்டு அடி கனம். 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டாது. அங்கே இன்னொரு ஆக்சஸ் பாயின்ட்தான் மருந்து.

## மின்வெட்டு, வெள்ளம், பேக்கப்

யூனிஃபைக்குள்ளேயே தானியங்கி பேக்கப் உண்டு. அமைப்புகளில் சிஸ்டம், பேக்கப்ஸ். வாரம் ஒரு முறை, எட்டுப் பிரதி என்று வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோப்புகள் இருப்பது கன்டெய்னருக்குள்ளேயே. என் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் கதை நினைவிருக்கிறதல்லவா? ஆகவே மாதம் ஒரு முறை பேக்கப் கோப்பை இறக்கி வேறு எங்காவது வையுங்கள். சில எம்பிதான் இருக்கும், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டால்கூடப் போதும்.

இரண்டாவது அடுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்தில். 'டேட்டாசென்டர்', 'பேக்கப்', 'ஆட்'. கன்டெய்னர் 110, தினமும் அதிகாலை 3 மணி, முறை 'ஸ்னாப்ஷாட்'. 'ரிடென்ஷன்' தாவலில் கடைசி 7 மட்டும் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் நிறைந்துபோகும். சேமிக்கும் இடம் வேறு டிஸ்காக இருக்கட்டும், முடிந்தால் வேறு கட்டடமாகவே இருக்கட்டும்.

வேறு கட்டடம் என்று சும்மா சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் வரை வந்தது. தரைத்தளத்தில் ரேக் வைத்திருந்த இன்னொரு வாடிக்கையாளரிடம் சர்வர், அதன் பேக்கப் டிஸ்க், ஸ்விட்ச், யூபிஎஸ் நான்கும் ஒரே தண்ணீரில் நின்றன. பேக்கப் இருந்தது, அதுவும் நனைந்தது. லாட்ஜில் பிசி போர்வை அறைக்குப் போனது அதற்கப்புறம்தான்.

மின்வெட்டுக்கு யூபிஎஸ் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் போனால் மாங்கோடிபி பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் எல்லாத் தடவையும் இல்லை. யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் என்றால் ப்ராக்ஸ்மாக்ஸில் 'நட்' என்ற மென்பொருளை நிறுவி, பேட்டரி குறைந்ததும் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடச் சொல்லலாம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு அதுவும் போதாது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் நெட்வொர்க் கேபிளுக்கு சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள்.

## அப்டேட்

அவசரப்படாதீர்கள். புதுப் பதிப்பு வந்தால் இரண்டு வாரம் பொறுத்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். போடுவதற்கு முன் கன்டெய்னரின் 'ஸ்னாப்ஷாட்ஸ்' பகுதியில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு). எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ் போன்ற சேமிப்பகம் என்றால்தான் இந்தப் பொத்தான் வேலை செய்யும். சாதாரண அடைவில் வைத்திருந்தால் முழு பேக்கப் எடுங்கள்.

'ஆப்ட் அப்டேட்' அடிக்கும்போது சில சமயம் 'களஞ்சியத்தின் கோட்நேம் மாறிவிட்டது' என்று நின்றுகொள்ளும். கோளாறு இல்லை. யூனிஃபை ஒரு பதிப்பு வரிசையிலிருந்து அடுத்ததுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். 'ஆப்ட்-கெட் அப்டேட்' என்பதோடு '--அலவ்-ரிலீஸ்இன்ஃபோ-சேஞ்ச்' சேர்த்துக் கொடுங்கள். நிறுவும்போது 'பேக்கப் எடுத்தாயா?' என்று ஒரு நீலத்திரை கேட்கும். எடுத்திருந்தால் மட்டும் 'யெஸ்'.

மாங்கோடிபி தானாகப் பெரிய பதிப்புக்குத் தாவிவிடாமல் 'ஆப்ட்-மார்க் ஹோல்டு மாங்கோடிபி-ஆர்க்-சர்வர்' என்று பூட்டி வையுங்கள். அதில் 4.4இலிருந்து 7.0க்கு நேராகக் குதிக்க முடியாது. 5, 6 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும், ஒவ்வொரு படியிலும் தனிச் சடங்கு உண்டு. நான் அந்த ஏணியில் ஏறுவதே இல்லை. புதிதாக 111 என்று ஒரு கன்டெய்னர் போட்டு, புதிய டெபியன், புதிய மாங்கோடிபி, பழைய கன்ட்ரோலரில் உள்ள அதே யூனிஃபை பதிப்பு அல்லது அதைவிடப் புதியது. முதல் திரையில் 'ரீஸ்டோர்' அழுத்தி பேக்கப் கோப்பை ஏற்றிவிடுவேன். பிறகு 110ஐ நிறுத்திவிட்டு 111க்கு அதே 192.168.1.10ஐக் கொடுத்தால் ஆக்சஸ் பாயின்ட்களுக்கு வீடு மாறியதே தெரியாது. 110ஐ ஒரு வாரம் அணைத்து வைத்திருந்துவிட்டு அழிக்கலாம், அதற்குள் அதன் 'ஸ்டார்ட் அட் பூட்' டிக்கை எடுத்துவிடுங்கள். ஒரு மின்வெட்டுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து எழும்பி ஒரே ஐபிக்குச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப்பையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டோர்', எண்ணை மட்டும் 999 என்று மாற்றுங்கள். ரீஸ்டோர் ஆனதும் ஸ்டார்ட் செய்யாமல், அதன் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'டிஸ்கனெக்ட்' டிக் போடுங்கள். அதற்கப்புறம் ஸ்டார்ட் செய்து, 'பிசிடி என்டர் 999' மூலம் உள்ளே போய் யூனிஃபை சேவை பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் 999ஐ அழித்துவிடலாம்.